படிக்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கவனச்சிதறல் தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்காக வீட்டிலிருந்தே படித்து வருகிறேன். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம் ஆவதற்குள் கை தானாகச் செல்போனைத் தேடுகிறது. ஒரே ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தால் முக்கால் மணி நேரம் போன இடம் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது விடிய விடியப் படித்தவன் நான். என் மனவுறுதி குறைந்துவிட்டதா? – வாசகர், சங்கரன்கோவில்

பதில்: உங்கள் மனவுறுதியில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் கையில் எடுக்கும் அந்தச் செயலி, நீங்கள் அதைக் கீழே வைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு பல ஆண்டுகள் உழைத்து வடிவமைக்கப்பட்டது. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிறு இடைவெளியில் 'போதும்' என்று எழுந்துவிட முடிந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத ஸ்க்ரோல் முறை அந்த இடைவெளியை நீக்கிவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொத்தும்போதெல்லாம் தீனி பெற்ற புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி அவ்வப்போது மட்டும் தீனி பெற்ற புறாவே விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. ரீல்ஸில் அடுத்தடுத்து வரும் காணொளிகளில் ஒன்றிரண்டுதான் நன்றாக இருக்கும். அடுத்தது நன்றாக இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே விரலை நகர்த்துகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டாவின் விலை சரிந்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில நாட்களிலேயே ரீல்ஸும், அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. உங்களைப் போன்றவர்களின் படிப்பு நேரத்தைத்தான் இவை பெரிதும் எடுத்துக்கொண்டன.

எனினும் பழி முழுவதையும் கருவியின் மீது போட்டுவிட்டால் வழி பிறக்காது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் குளோரியா மார்க், கணினி முன் வேலை செய்பவர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்பதை நீண்ட காலமாக அளந்து வந்திருக்கிறார். 2004-இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்த அந்த நேரம், அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 47 விநாடிகளாகக் குறைந்திருக்கிறது. அவருடைய ஆய்வுகளில் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது, ஏறக்குறைய பாதித் தடங்கல்களுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்போ ஒலியோ காரணமில்லை என்பதுதான்; வேலை செய்பவரே தம் வேலையை இடையில் விட்டு வேறொன்றுக்குத் தாவுகிறார். உங்கள் கை எந்த நொடியில் செல்போனைத் தேடுகிறது என்பதை இன்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தனிவட்டிக் கணக்குகளுக்கு வரிசையாக விடை வந்துகொண்டிருக்கும்வரை பெரும்பாலும் கை அசையாது. அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் கூட்டுவட்டிக் கணக்கில், வட்டி வீதத்தைப் பாதியாக்கிக் காலத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது சட்டென்று நினைவுக்கு வராமல் பேனா நிற்கிறதே, அந்த இடத்தில்தான் நகரும். கடினமான இடத்திலிருந்து தப்பிக்க மனம் எப்போதும் வழி தேடியிருக்கிறது. இப்போது அந்த வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

ஆகவே படிக்கும் நேரத்தில் செல்போனை வேறு அறையில் வையுங்கள். முடிந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சைலன்ட்டில் போட்டு மேசை மேல் கவிழ்த்து வைப்பது போதாது. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏட்ரியன் வார்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், எல்லோருடைய போனும் ஒலியின்றி இருந்தபோதிலும், அதை மேசை மேல் வைத்திருந்த மாணவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த விளைவு இதே அளவில் வெளிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டிய ஒன்றை யோசிக்காமல் எடுப்பது கடினம் என்பதை நீங்களே ஒரே நாளில் உணர்வீர்கள். டெலிகிராம் குழுவில் வரும் பி.டி.எஃப். குறிப்புகளுக்காகத்தான் போன் தேவைப்படுகிறது என்றால், வாரத்துக்கு ஒருமுறை வேண்டியவற்றை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடநூல்களைப் புத்தகமாகவே வாங்கிப் படியுங்கள்.

உட்கார்ந்ததும் இரண்டு மணி நேரம் படிப்பேன் என்று உறுதி எடுக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் தொடங்கி, அது சுலபமான பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். 'ஹால்டிக்கெட் வந்துவிட்டதா பார்க்க வேண்டும்', 'நண்பனுக்குப் பதில் போட வேண்டும்' என்று தோன்றுவதையெல்லாம் அதில் எழுதிவிட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்புதல்தான். அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றை ஓட்டிவந்து கட்டுவதைப்போல, அலைந்த கவனத்தைச் சலிக்காமல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும் ஆற்றலே ஒருவருடைய தெளிவுக்கும் குணத்துக்கும் அடிப்படை என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறையும் நீங்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் அந்த மணி நேரம் வீணாகிவிடவில்லை. உங்கள் தேர்வு 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கடைசி ஒரு மாதமாவது, காலை 9.30 முதல் 12.30 வரை இடையில் எழாமல் தாளிலேயே மாதிரித் தேர்வு எழுதிப் பழகுங்கள். மூன்று மணி நேரம் அமர்வதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதிதான்.

கேள்வி: மனிதனின் கவனம் எட்டு விநாடிதான், அது தங்கமீனின் கவனத்தைவிடக் குறைவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உண்மையா? – கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இல்லை. 2015-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா பிரிவு விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட ஓர் அறிக்கையின் மூலம் இது உலகெங்கும் பரவியது. அந்த எண்ணைக் கண்டுபிடித்தது அந்த அறிக்கையும் அன்று. வேறோர் இணையதளத்திலிருந்து எடுத்தாளப்பட்ட அதன் வேரைத் தேடிப் போனவர்களுக்கு ஆய்வு எதுவும் அகப்படவில்லை. எதைச் செய்கிறோம், அது நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்துக் கவனத்தின் நீளம் மாறும் என்பதால், அதற்கு ஒரே எண் இருக்கவும் முடியாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சாம்பியனான சென்னை குகேஷுக்கு அப்போது வயது 18. இந்தத் தலைமுறையில் பிறந்தவர்தான் அவரும். ஒரே பலகை முன் மணிக்கணக்கில் அமர்ந்து அந்தப் பட்டத்தை வென்றார். இப்படிப்பட்ட செய்திகளை நம்பிவிட்டால், நம்மால் முடியாது என்ற எண்ணம் முயற்சிக்கு முன்பே வந்துவிடும் என்பதுதான் என் கவலை.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பள்ளி, மாணவர் விவரங்களுக்கான எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றம், துறைசார்ந்த பல வாட்ஸ்அப் குழுக்கள், உடனே அனுப்பச் சொல்லிக் கேட்கப்படும் விவரங்கள் என்று நாள் முழுவதும் போன் கையில் இருந்தாக வேண்டியிருக்கிறது. போனை ஒதுக்கி வையுங்கள் என்ற அறிவுரை என் போன்றவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? – திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பொருந்தாது. உங்களுக்கு வேறு வழிதான் வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது என்பதையும் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் எடுத்துக்காட்டினார். நீங்கள் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது சத்துணவு எண்ணிக்கை கேட்டு ஒரு செய்தி வந்தால், பதில் அனுப்பி முடித்த பிறகும் சில நிமிடங்கள் பாடம் உங்களிடம் முழுமையாகத் திரும்புவதில்லை. போனை எடுக்காவிட்டாலும் அதன் ஒலியோ அதிர்வோ மட்டுமே பிழைகளைக் கூட்டுகிறது என்பதை 2015-இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. எனவே அழைப்புகளுக்கு மட்டும் ஒலி இருக்கட்டும்; எல்லாக் குழுக்களையும் மியூட் செய்துவிட்டு, காலை வழிபாட்டுக்கு முன், மதிய இடைவேளை, பள்ளி விடும் நேரம் என்று சில வேளைகளில் மட்டும் திறந்து பாருங்கள். அவசரமென்றால் அழைக்கும்படி, அருகிலுள்ள பள்ளிகளை ஒருங்கிணைக்கும் குறுவள மையத்துக்கும் சக ஆசிரியர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாமல் எழ வேண்டியிருந்தால், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு எழுங்கள். விட்ட வேலை மனத்தில் தங்குவதை இது குறைக்கிறது என்று லெரோயின் பிந்தைய ஆய்வு சொல்கிறது.

இதை ஆசிரியர்களின் தனிப்பட்ட கட்டுப்பாட்டுக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் ஊழியரின் உரிமை குறித்துப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரத்தில் 'உடனே' என்று விவரம் கேட்பவர்கள், அந்த ஒரு சொல் எத்தனை வகுப்பறைகளின் பாடத்தை நிறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சதாவதானிகள் ஒரே நேரத்தில் நூறு செயல்களைக் கவனித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பல வேலைகளை ஒருசேரச் செய்வதும் பழகினால் வரக்கூடியதுதானே? – நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தியதை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவதானத்தில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார், மணியோசையையும் எண்ணிக்கொள்ள வேண்டும். அவதானி ஒவ்வொன்றையும் வந்த வரிசையில் வாங்கி, நினைவில் அதனதன் இடத்தில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து பிசகாமல் எடுக்கிறார். பல ஆண்டுப் பயிற்சியால் வந்த, மிக ஒழுங்கான கவனம் அது. டி.வி. பார்த்தபடியே போனை நோண்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 2009-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், பல ஊடகங்களை ஒருசேரப் பயன்படுத்தும் வழக்கம் மிகுந்தவர்கள் தேவையற்றதை ஒதுக்குவதிலும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதிலும்கூட மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் பெரிய நாவல்களை இரண்டே நாளில் முடிப்பேன். இப்போது பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. இரவில் தூக்கம் வரும்வரை யூடியூப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. இது நோயா? மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? – காரைக்குடி

பதில்: முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்புரையும் பொருந்தாத மூக்குக்கண்ணாடியும் தரும் களைப்பை, கவனம் போய்விட்டது என்று எண்ணி மனம் தளரும் பெரியவர்கள் பலர். அடுத்தது தூக்கம். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரங்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம், இரண்டு இரவுகள் வரை கண் விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. தங்களுக்கு அவ்வளவு குறைந்துவிட்டது என்பதை அவர்கள் உணரவுமில்லை. போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கைக்குச் செல்லுங்கள்; விடியலில் எழ அலாரக் கடிகாரம் போதும். வாசிப்பைக் காலைக்கு மாற்றி, முன்பே படித்து ரசித்த நாவல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கதை தெரிந்திருப்பதால் மனம் ஓடித் திரும்பும்போது இடம் தவறாது.

மருத்துவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, இதே கவலையுடன் எழுதிய மற்றவர்களையும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கவனக்குறைவு மிகையியக்கம் எனப்படும் ஏ.டி.எச்.டி. குழந்தைப் பருவத்திலேயே தென்படத் தொடங்குவது. ரீல்ஸ் பார்த்து மூன்று மாதத்தில் வருவதன்று. பள்ளி நாட்களிலிருந்தே பொருட்களைத் தொலைப்பதும் தொடங்கிய எதையும் முடிக்க முடியாமல் தவிப்பதும் இருந்தால், எந்த வயதிலும் மனநல மருத்துவரை அணுகலாம். அண்மையில்தான் கவனம் குறைந்தது என்றால் ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மறதியும் சேர்ந்துகொண்டால், பழகிய வழி குழம்பினால், தள்ளிப்போட வேண்டாம். செல்போன் பயன்பாட்டை விட முடியாமல் தூக்கமும் வேலையும் கெடும் நிலைக்கு வந்தவர்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் செல்ல முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.