நூறு வருஷத்து இரும்பை ஏன் இன்னும் விடவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘புது வினையூக்கி வந்துவிட்டது, இனி உரத் தொழிலில் புகையே இருக்காது’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் உரத்துக்கு மூலப்பொருள் செய்யும் அம்மோனியா ஆலைகளில் இன்றும் இரும்பைத்தான் போடுகிறார்கள் என்கிறார் அங்கே வேலை பார்க்கும் நண்பர். அதைவிட நல்லது எதுவும் கிடைக்கவில்லையா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கிடைத்திருக்கிறது. கிடைத்தும் இரும்பை அசைக்க முடியவில்லை.

1909-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா எடுத்துக் காட்டியபோது வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாக உலைக்குள் இருந்தது ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். அருமையாக வேலை செய்தது, ஆனால் ஆலை வைக்கிற அளவுக்கு உலகத்தில் ஆஸ்மியம் இல்லை. பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தின் அல்வின் மிட்டாஷ் சின்னச் சின்னச் சோதனை உலைகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கலவைகளைப் போட்டுப் பார்த்தார். சுத்தமான இரும்பு சுமார்தான். ஸ்வீடனின் கெல்லிவாரே சுரங்கத்து மேக்னடைட் என்ற இரும்புத் தாது மட்டும் பிரமாதமாக ஓடியது. தாதுவில் கலந்து கிடந்த மற்ற பொருட்கள்தான் காரணம் என்று பிடித்து, அலுமினா, பொட்டாசியம் போன்றவற்றைத் தாங்களே அளந்து சேர்த்தார்கள். 1913-ல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் பெரும்பாலான ஆலைகளில் அடிப்படையில் அதே சேர்மானம்தான்.

அது உள்ளே போகிற விதமே அழகு. மேக்னடைட்டை உருக்கி, ஆறவைத்து, சில மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்த கறுப்புக் கற்களாக உலையில் கொட்டுகிறார்கள். அப்புறம் ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சூடாக்கி நாள் கணக்கில் மெதுவாக விடும்போது, கல்லிலிருக்கும் ஆக்ஸிஜன் நீராவியாகக் கழன்று போக, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாகிவிடுகிறது. ஒரு கிராம் கல்லுக்குள் பத்து சதுர மீட்டருக்கும் மேலான பரப்பு! அந்தப் பரப்பில்தான் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இறுக்கிக் கட்டியிருக்கும் முப்பிணைப்பு உடைகிறது. மொத்த வினையிலும் மெதுவான படி அதுதான் என்று காட்டிய கெர்ஹார்ட் எர்டலுக்கு 2007-ல் நோபல் கிடைத்தது.

சரி, இன்னும் வீரியமான வினையூக்கி எதற்கு? வேகத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்த வினை வெப்பத்தை வெளிவிடுவது, அதனால் குளிர்ச்சியாக வைத்தால் அம்மோனியா அதிகம் சேரும், சூடாக்கினால் குறையும். ஆனால் இரும்போ 400 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் விளைச்சல் குறைவதை ஈடுகட்டத்தான் 150, 200 மடங்கு காற்றழுத்தம், ராட்சத கம்ப்ரஸர், மாறாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவது எல்லாம். குறைந்த சூட்டிலேயே வேலை செய்கிற வினையூக்கி கிடைத்தால் இந்தச் சுமை குறையும். ருத்தேனியம் என்ற அரிய உலோகம் அப்படிப்பட்டது; 1992-லேயே கனடாவின் கிட்டிமட்டில் ஓர் ஆலை அதைப் போட்டுவிட்டது. ஆனால் விலை அதிகம், ஹைட்ரஜனே அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டு நைட்ரஜனுக்கு இடம் விடாது, அதைத் தாங்கும் கரியும் கொஞ்சம் கொஞ்சமாக மீத்தேனாகிப் போகும். இரும்போ மலிவு, பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், செய்திகள் இதை விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். அம்மோனியா ஆலையின் கார்பனில் பெரும்பங்கு இந்த உலையில் வருவதே இல்லை. அதற்கு முன்னால், இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் இடத்தில் வருகிறது. ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு. யூரியா செய்யும்போது அதில் ஒரு பகுதி உள்ளே போகிறதே என்பீர்கள். வயலில் போட்டதும் அது வெளியே வந்துவிடும். ஆகவே உலையில் எவ்வளவு உசத்தியான வினையூக்கியைப் போட்டாலும் ஹைட்ரஜன் அழுக்காக இருந்தால் உரமும் அழுக்குதான். தண்ணீரைச் சூரிய, காற்று மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற இடத்தில்தான் நல்ல வினையூக்கி அவசரமாக வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளில் அமிலச் சவ்வு வகையில் ஆக்ஸிஜன் வரும் பக்கம் இரிடியம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது கஷ்டம், அந்த உலோகமோ உலகம் முழுக்க வருஷத்துக்கு 10 டன்கூடக் கிடைப்பதில்லை. காரக் கரைசல் வகையில் நிக்கல் போதும் என்பதால் என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான்.

கேள்வி: வினையூக்கி வினையில் தீர்ந்துபோகாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? பிறகு ஏன் மாற்றுகிறார்கள்? (திருச்சி வாசகி)

பதில்: தீராது, ஆனால் கெடும். கந்தகம் துளி வந்தாலும் வினையூக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு விடாது, அதனால்தான் ஆலையின் வாசலிலேயே துத்தநாக ஆக்சைடு படுகையில் அதைப் பிடித்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கான சூட்டில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பரப்பும் சுருங்கிவிடும். வெளியே எடுக்கும்போதும் கவனம் வேண்டும், காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கிறேன். இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு எங்கே போகலாம்? (மதுரை மாணவர்)

பதில்: மின்வேதியியல் என்றால் காரைக்குடியிலேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது, சென்னை ஐஐடியில் வினையூக்கி ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. சேருவதற்கு முன் அங்கே படிப்பவர்களிடம், ஒரு வினையூக்கியைத் தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஆயிரம் மணி நேரம் ஓட்டுகிற குழு கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள்.