ஆனைமலை மழைக்காடு: கேட்டதும் சொன்னதும்

ஆனைமலைக் காட்டைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு, வால்பாறை மேட்டில் குடியிருந்து அந்தக் காட்டையும் அதன் மக்களையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

பல்லடத்திலிருந்து ஒரு விவசாயி: நம்ம பூமியில நாலு மழை பேஞ்சாலே பெருசுங்க. இங்க மழைக்காடு எங்க இருக்குதுங்க?

உங்கள் வயலுக்கு வரும் வாய்க்கால் தண்ணீரே அந்தக் காட்டுத் தண்ணீர்தான் ஐயா. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தில் பெரும்பகுதியை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றுதான் மிச்சம். கோவையில் வருடத்துக்கு 600, 700 மி.மீ. பெய்தால் வால்பாறையில் 3,500 மி.மீ. அளவுக்குப் பெய்யும். சின்னக்கல்லாறில் அதைவிட அதிகம். ஆழியாறு அடிவாரத்தில் முள்ளுக்காடு. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காடே வேறாகிவிடும்.

அந்த மழைதான் நீராறு, சோலையாறு என்று ஓடி பரம்பிக்குளம் போகிறது. அங்கிருந்து தூணக்கடவு, சர்க்கார்பதி வழியாக மலையோரக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து, உடுமலை, பல்லடம், காங்கேயம் வரை பாய்கிறது. நாம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) தண்ணீர் என்று சொல்வது இதைத்தான். கேரளத்தோடு 1970இல் போட்ட ஒப்பந்தப்படி பங்கிட்டுக்கொள்கிறோம். மேலே மரம் நின்றால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கி மெதுவாக ஓடைக்கு வரும். மரம் போனால் அதே தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் வந்து அணையை மேடாக்கும்.

கோவையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி: இருவாச்சி கூட்டுக்குள்ளேயே தன்னை அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

நிஜம்தான் அம்மணி. பெண் இருவாச்சி உயரமான கிழமரத்தின் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் கிடைத்ததையும் சேர்த்துப் பூசி வாசலை அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடுவதால் வெளியே வர நினைத்தாலும் பறக்க முடியாது. முட்டை ஒன்றோ இரண்டோதான். அடைகாக்கவே நாற்பது நாள் பக்கம் ஆகும். குஞ்சும் ஓரளவு வளர்ந்த பிறகுதான் தாய் வெளியே வரும். அந்த மூன்று நான்கு மாதமும் ஆண் பறவைதான் சோறு போட வேண்டும். அத்திப் பழங்களைத் தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே எடுத்து அந்தக் கீற்றுக்குள் கொடுக்கும். ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பமும் பட்டினியில் போய்விடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சி இனம் நான்கு. நீ கேட்பது அதில் பெரியது, மூன்று கிலோ எடை இருக்கும். அது பறக்கும்போது சிறகுச் சத்தம் வெகு தூரம் கேட்கும். முதல்முறை கேட்பவர்கள் என்னவோ ஏதோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. இந்தப் பறவை பொந்தைத் தானே குடையாது. பெரிய கிளை ஒடிந்து, உள்மரம் உளுத்து, பொந்து தானாக உருவாக வேண்டும். அதற்கு ஒரு மரம் நம் பாட்டன் காலத்துக்கும் முந்தியதாக இருக்க வேண்டும். அதனால்தான் காய்ந்த கிழமரம் ஒன்றுக்கும் ஆகாது, வெட்டலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். தின்ற பழத்தின் கொட்டையைத் தொலைவில் துப்பி அடுத்த மரத்தை நடுவதும் இதே பறவைதான்.

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா: வால்பாறை ரோட்டில் குழந்தைகள் குரங்குக்குச் சிப்ஸ் போட்டார்கள். அது தப்புங்களா?

தப்புதானுங்க. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியும் வால்நுனியில் குஞ்சமும் இருந்திருந்தால் நீங்கள் பார்த்தது சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் உள்ள உயிர். காட்டில் சில ஆயிரம்தான் மிச்சம். மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற பிராணி இது. காடு துண்டுபட்டுப் புதுத்தோட்டம் போன்ற இடங்களில் நடுவே ரோடு போவதால் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கினால் வண்டியில் அடிபடுகிறது. அதற்காகத்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் போடும் சிப்ஸ் அதை மறுபடி தரைக்கு இழுக்கிறது. குழந்தைகளைத் திட்டாதீர்கள். பாலத்தைக் காட்டுங்கள், அடுத்த முறை அவர்களே உங்களைத் தடுப்பார்கள்.

கோபியிலிருந்து: மழைக்காட்டு மரம் ஏதாவது தோட்டத்தில் வைக்கலாமா?

கோபியில் வேண்டாம். வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் எல்லாம் அந்த ஈரத்துக்குப் பழகியவை. உங்கள் மண்ணுக்கு நாவல், புங்கன், இலுப்பை, அத்தி வையுங்கள். வெடிப்பலாவைப் பார்க்க ஆசை என்றால் மேலே வாருங்கள். முதிர்ந்த கிளைகளில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும். வேறு பழம் குறைந்த காலத்தில் சோலைமந்திக்கு அந்தப் பூவும், முள்காய்க்குள் இருக்கும் விதையும்தான் ஆகாரம்.

வால்பாறையிலேயே நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேயிலை, காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக்கையும் ஆப்பிரிக்க மரங்களையும் மட்டுமே வைக்காமல் நாட்டு மரங்களையும் கலந்து வையுங்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் அங்கே பல வருடங்களாகத் தேயிலைக்கு நடுவில் சிதைந்து கிடந்த காட்டுத் துண்டுகளில் உண்ணிச்செடியை அகற்றி, நாட்டு மரக்கன்று நட்டு மீட்டுவருகிறார்கள். முன்பு புதராகக் கிடந்த இடங்களில் இப்போது நிழல் விழுகிறது.

உடுமலையிலிருந்து: மலையில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே சாதி சனமா?

இல்லைங்க. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு சமூகத்தார் இருக்கிறார்கள். முதுவர்கள் உயரத்தில் விவசாயம் செய்பவர்கள். மதுரையிலிருந்து மலையேறியதாக அவர்களே கதை சொல்வார்கள். மலசர்களில் பலர் யானையோடு வாழ்பவர்கள். டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் பாகனாக நிற்பவர் பெரும்பாலும் மலசர்தான்.

ஈரக்காட்டின் உள்ளே வாழ்ந்தவர்கள் காடர்கள். கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, கருங்குங்கிலிய மரத்துப் பிசின் சேகரித்து வாழ்ந்த சமூகம். உயரமான மரத்தில் மலைத்தேன் எடுக்க மூங்கில் ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து, அதன் மேலேயே கால் வைத்து ஏறுவார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தன் கையால் மூங்கில் சீப்பு செதுக்கிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பக்கத்தில் கேரளத்து வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளைக் கண்டுபிடித்துக் காவல் காப்பவர்களும் காடர்களே. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் படித்து வந்த எவருக்கும் தெரியாது.

அதே நண்பர்: அப்படியானால் அவர்களைக் கீழே கொண்டுவந்து நல்ல வீடு கட்டிக் கொடுப்பது நல்லதுதானே?

நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள். ஆனால் எங்கே வாழ்வது என்று அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது: பரம்பரையாகக் குடியிருந்த, பயன்படுத்திவந்த காட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு, கிராம சபைக்கு அதில் குரல் உண்டு. வாழச்சால் காடர்களுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தது.

நம் பக்கம் காடர்களின் ஊரான கல்லார் குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்ட் மழையில் நிலம் சரிந்து வீடுகள் போயின. எஸ்டேட் குடியிருப்பில் தங்கவைத்தார்கள். அந்த மக்களோ தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் மேடான இடம் பார்த்து, அதைத்தான் கேட்டார்கள். போராடித்தான் அந்த இடத்தை வாங்க முடிந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் அவர்களுக்கும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்கு விலையாகக் காட்டைக் கேட்கக் கூடாது.

ஆனைமலையிலிருந்து: எங்க சித்தி வால்பாறை எஸ்டேட்டுல வேலை. ராத்திரி யானை வருதுன்னு பயப்படறாங்க.

பயம் நியாயம்தான். யானை பெரும்பாலும் ஆற்றோர மரங்களை ஒட்டித்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது. வழியில் ரேஷன் அரிசி வாசனை அடித்தால் கதவை உடைக்கும். இருட்டில், எதிர்பாராமல் நேருக்கு நேர் போய் நிற்கும்போதுதான் பெரும்பாலும் உயிர் போகிறது. அதற்காகவே யானை எங்கே நிற்கிறது என்று போனில் குறுஞ்செய்தியும் குரல் அழைப்பும் வரும் ஏற்பாடு உண்டு. சில இடங்களில் சிவப்பு விளக்கும் எரியும். சித்தியின் எண்ணை அதில் சேர்த்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் அந்த வழியில் நடக்க வேண்டாம். வீட்டில் அரிசியைச் சன்னலோரம் வைக்க வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: அட்டைக்கு என்ன வழி?

நீளமான கெட்டித் துணிக் காலுறையை பேண்டுக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழியும், ஆபத்தில்லை. கழுவிவிட்டால் போதும்.

சூலூரிலிருந்து: ஒரே நாளில் போய்வர என்னென்ன பார்க்கலாம்?

விடிவதற்குள் ஆழியாறு சேர்ந்துவிடுங்கள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பாறைகளில் வரையாடு நிற்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓரங்கட்டி, ஹாரன் அடிக்காமல் பாருங்கள். பிறகு புதுத்தோட்டம். அங்கே இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், குரங்குகளுக்குக் கட்டிய பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள். புல்மலை (கிராஸ் ஹில்ஸ்) என்ற உயரத்துப் புல்வெளிக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது, யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் நம்ப வேண்டாம். டாப்சிலிப் வேறு பாதை, சேத்துமடை வழி. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும்.