காசநோய் ஆறிய நுரையீரலில் பூஞ்சை: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பூஞ்சையைப் பற்றிய கடிதங்களே மிகுதியாக வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. ஆறு ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு முறையாக மாத்திரை உட்கொண்டு குணமானார். சில மாதங்களாக இருமல் இருக்கிறது, உடல் மெலிகிறது, இருமுறை சளியில் இரத்தமும் வந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்தும், மீண்டும் காசநோய் மாத்திரையையே தொடங்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். பூஞ்சையாக இருக்கலாம் என்கிறார் மற்றொருவர். என்ன செய்வது? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: இரண்டாமவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் முதலாமவர் சொன்ன மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காசநோய் ஆறும்போது சிலருடைய நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி எஞ்சிவிடுகிறது. காற்று வந்து போகும், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள, ஆனால் உடலின் காவல் அணுக்கள் எளிதில் எட்ட முடியாத அந்தக் குழியில், நாம் அன்றாடம் மூச்சோடு உள்ளிழுக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் சாதாரணப் பூஞ்சையின் வித்து தங்கி முளைத்துவிடுகிறது. அதன் இழைகள் சளியோடும் செத்த அணுக்களோடும் பின்னிப் பிணைந்து ஒரு பந்தாகத் திரள்வதும் உண்டு. எக்ஸ்ரேயில் அந்தப் பந்தின் மேல் பிறை வடிவில் காற்று தெரியும். நோயாளி புரண்டு படுத்தால் பந்தும் இடம் மாறும். எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிடுவதில்லை. பந்தே உருவாகாமல், குழியின் சுவர் மெல்ல மெல்லத் தடித்து, மாதக்கணக்கில் பக்கத்துத் திசுவையும் அரித்துக்கொண்டு போகும் வகையும் இருக்கிறது. இருமல், சோர்வு, எடைக் குறைவு, இரத்தம் என்று அறிகுறிகள் எல்லாம் காசநோயையே ஒத்திருப்பதால் அங்கேதான் குழப்பம் நேர்கிறது.

இது அபூர்வமும் அன்று. காசநோய்க்குப் பின் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத குழி எஞ்சியிருந்த 544 பேரை 1960களில் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவரின் இரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. காசநோய் இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில், குணமானவர் மீண்டும் இருமினால் பூஞ்சையையும் நினைத்துப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

தந்தைக்கு மார்புச் சி.டி. ஸ்கேன், இரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி (அந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள்) சோதனை, சளியில் பூஞ்சைக்கும் காசநோய்க்கும் தனித்தனியே கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஆகியவை தேவை. முன்பு காசநோய் இருந்தவர்களிடம் சிபிநாட் என்னும் காசநோய் மரபணுச் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் காட்டக்கூடும் என்பதால், பிற்பாடு அதில் ஏதேனும் தெரிந்தாலும் கல்ச்சர் முடிவோடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். பூஞ்சை என்று உறுதியானால் இட்ராகோனசோல் அல்லது வோரிகோனசோல் மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் உட்கொள்ள வேண்டியிருக்கும். ஒரே ஒரு பந்து மட்டும் இருந்து, நுரையீரலின் மற்ற பகுதிகள் வலுவாக இருப்பவர்களுக்கு அறுவைச் சிகிச்சை பொருந்தும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இந்தப் பூஞ்சை மருந்துகளின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். எனவே எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் வழியாகாது.

இரத்தம் அரை டம்ளர் அளவுக்கு வந்தால் காலைவரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். இரத்தம் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சிறு வயது முதல் ஆஸ்துமா. இப்போது இன்ஹேலருக்கும் அடங்காமல், பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வருகிறது. ‘பூஞ்சை ஒவ்வாமை’ என்கிறார்கள். அது நுரையீரலைத் தின்றுவிடுமா? (மதுரை வாசகி)

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா. இங்கே பூஞ்சை திசுவுக்குள் ஊடுருவுவதில்லை. மூச்சுக்குழாய்ச் சளியில் தங்கி வளர்கிறது, அதற்கு எதிராக உடல் காட்டும் அளவுமீறிய சீற்றமே நோயாகிறது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கும் இடங்களாகிவிடும். மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் மிகும் எதிர்ப்பொருள்), ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐஜிஇ ஆகிய இரு இரத்தச் சோதனைகளும் சி.டி. ஸ்கேனும் இதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீராய்டு மாத்திரையோ இட்ராகோனசோலோ சில மாதங்கள் தரப்படும். ஐஜிஇ அளவு இறங்குவதைக் கொண்டு பலன் கணிக்கப்படும். ஒன்றை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் கேளுங்கள்: புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்களை இட்ராகோனசோலோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது, இன்ஹேலர் மருந்து உடலில் தேங்கி, முகம் உப்புதல் போன்ற பின்விளைவுகள் வரலாம். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: இவையெல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்த புது நோய்கள்தாமே? (சேலம் வாசகர்)

பதில்: அல்ல. 1729இல் இத்தாலியில் மிக்கேலி என்ற பாதிரியார் இந்தப் பூஞ்சையை நுண்ணோக்கியில் கண்டு, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போல் இருக்கிறதே என்று அந்தக் கருவியின் பெயரையே சூட்டினார். 1890 வாக்கில் பாரிஸ் நகரில், தானியத்தைத் தம் வாயிலிட்டு ஊறவைத்துப் புறாக்குஞ்சுகளுக்கு ஊட்டிய தொழிலாளர்களிடம் காசநோய் போன்ற ஒரு நோயைக் கண்ட மருத்துவர்கள், அது தானியத்திலிருந்த இந்தப் பூஞ்சையால் வந்தது என்று எழுதிவைத்தார்கள். காசநோயோடு குழப்பிக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்!

2021இல் ‘கருப்புப் பூஞ்சை’ என்று நாம் அஞ்சியது மியூக்கர் இனத்தைச் சேர்ந்த வேறு பூஞ்சை; கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன. வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகள் சிலரின் நுரையீரலை ஆஸ்பர்ஜில்லஸும் தாக்கியது உண்மையே. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரையும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரையும் அது நாள்கணக்கில் வீழ்த்திவிடக்கூடும் என்பதால்தான், உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அபாயப் பூஞ்சைப் பட்டியலின் முதல் வரிசையில் அதை வைத்தது.

கேள்வி: அப்பாவின் தட்டு, டம்ளரைத் தனியே வைக்க வேண்டுமா? (முதல் கடிதத்தின் பின்குறிப்பு)

பதில்: வேண்டாம். பூஞ்சை நோய் என்பது உறுதியானால், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் படுக்கையறைச் சுவரில் கருத்த பூஞ்சை படர்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளியான மாமியார் இருக்கிறார். வீட்டை மாற்றிவிடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வித்து இல்லாத காற்றை எந்த வீட்டிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, மட்கிய இலையிலும், ஈர வைக்கோலிலும், தெருப் புழுதியிலும் அது இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்து, நுரையீரல் நலமாக இருக்கும் ஒருவர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துகளை இழுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. வீட்டை மாற்றும் செலவில் பாதியைக் கூரைக் கசிவை அடைப்பதற்குச் செலவிடுங்கள். கசிவு நிற்காத வரை மேலே பெயின்ட் பூசுவதால் பயனில்லை. சுவரை உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காமல், சோப்புநீரில் நனைத்த துணியால், என்95 முகக்கவசம் அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடையுங்கள். அந்த நேரத்தில் மாமியார் வேறு அறையில் இருக்கட்டும். மாடித்தோட்டத்து உரக்குழியைக் கிளறுகிறவர்களும், அதன் மேல் முதலில் சிறிது தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறினால் தூள் பறக்காது.