க்யூவில் நிற்கும்போதுதான் பயம் அதிகம்

வாசகர் கேள்வி – பதில்

'ஏறவும் ஆசை, ஏறினால் உயிர் போகிறது.' ரோலர் கோஸ்டர், கொலம்பஸ் (ஊஞ்சல் போல ஆடும் கப்பல்), ஃப்ரீ ஃபால் டவர் (உச்சிக்குத் தூக்கிக் கீழே விழவிடும் கோபுரம்) பற்றி வந்த கடிதங்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த ரகம்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

நண்பர்களோடு தீம் பார்க் போனால் எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குத்தான். இரண்டு முறை ரோலர் கோஸ்டர் க்யூவில் கடைசி வரை போய்த் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். அதற்குள் இந்தப் பயத்தைப் போக்க முடியுமா?
– கல்லூரி மாணவி

ஒரு மாதம் தாராளம். ஆனால் 'ரைடு என்றாலே பயம்' என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. எதன் மேல் பயம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உயரமா? விழும்போது அடிவயிறு எழும்புவதா? தோள்மேல் லாக் இறங்கியபின் இனி தப்பிக்க வழியில்லை என்று ஆவதா? ஏதாவது கழன்றுவிடும் என்ற சந்தேகமா? எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்துவிடுவோமோ என்ற கூச்சமா? உயரத்துக்குப் பயப்படுகிறவர் தாழ்வாக ஓடி வளைந்து நெளியும் கோஸ்டரில் சிரித்துக்கொண்டே வருவார். ஜெயன்ட் வீல் உச்சியில் நின்றால் வெலவெலத்துப்போவார். அடிவயிறுதான் பிரச்சினை என்பவருக்கு ஜெயன்ட் வீல் பொழுதுபோக்கு; கொலம்பஸ்தான் எமன்.

அடுத்தது, நீங்கள் திரும்பி வந்த விஷயம். க்யூவை விட்டு விலகிய நிமிடம் 'அப்பாடா' என்று இருந்திருக்கும். அந்த நிம்மதிதான் வினை. ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னாலேயே, டிக்கெட் எடுக்கும்போதே படபடப்பு வந்துவிடும். உச்சத்துக்குப் போன பயம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஓடாமல் இருந்தால் தானாக இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்த உச்சம் வருவது க்யூவின் கடைசிப் பத்துப் பேருக்குள் நிற்கும்போதும், ரயில் சங்கிலியில் மெல்ல மேலேறும்போதும்தான். முதல் இறக்கம் முடிந்ததுமே பாதி வடிந்துவிடும்.

அதனால் ஏறுவதா வேண்டாமா என்ற முடிவை க்யூவில் எடுக்காதீர்கள். வெளியே நின்று நான்கைந்து சுற்று பாருங்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, மேலே ஏறும் நேரத்தையும் விழும் நேரத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மொத்தம் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடும் ரைடில் நீங்கள் பயப்படும் அந்தப் பெரிய இறக்கம் இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். எண் கையில் வந்தபின் அங்கேயே முடிவு செய்து உள்ளே போங்கள். முடியாது என்று பட்டால் உள்ளே போகாமலே இருப்பது பரவாயில்லை. பாதியில் திரும்புவதுதான் கெடுதல்.

இந்த ஒரு மாதத்தில், தீம் பார்க் போகும் முன்பே செய்ய இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பூங்கா ஊஞ்சல். பெரியவர்களைத் தாங்கும் ஊஞ்சலாகப் பார்த்து, தினமும் பத்து நிமிடம், முடிந்த அளவு உயரமாக ஆடுங்கள். உச்சியிலிருந்து திரும்பும் நொடியில் அடிவயிற்றில் வருகிறதே, கோஸ்டரில் வருவதும் அதேதான், அளவு மட்டும் கூட. இரண்டு, நீங்கள் ஏறப்போகும் ரைடை முன்சீட்டிலிருந்து எடுத்த வீடியோ. ஹெட்போன் மாட்டி, சத்தத்தோடு, அலுத்துப்போகும்வரை பாருங்கள். எந்த வளைவுக்குப் பிறகு எந்த இறக்கம் என்று மனப்பாடம் ஆனால் திடுக்கிட ஒன்றும் மிச்சமிருக்காது.

பார்க்கில் வரிசை முக்கியம். ஒவ்வொரு ரைடுக்கும் உங்கள் பயத்துக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். நாலு போட்ட ரைடில் தொடங்குங்கள்; பெரும்பாலும் அது சின்னக் குடும்பக் கோஸ்டராக இருக்கும். இறங்கியதும் திரும்பப் போய் அதிலேயே ஏறுங்கள். மதிப்பெண் பாதியாகக் குறைந்தபிறகுதான் அடுத்தது. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டு 'முடிச்சாச்சு' என்று ஓடிவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. முதல் சுற்றை மனம் அதிர்ஷ்டத்தில் சேர்த்துவிடும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் நம்பத் தொடங்கும்.

பார்க் திறந்ததும் போய்விடுங்கள். க்யூ குட்டையாக இருந்தால் உள்ளே பயத்தை வளர்க்க நேரமிருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. காலையில் சக்கரங்களும் பேரிங் கிரீஸும் குளிர்ந்திருப்பதால் பல கோஸ்டர்கள் கொஞ்சம் மெதுவாக ஓடும். மதியத்துக்கு மேல்தான் முழு வேகம் பிடிக்கும்.

மூச்சு விஷயம் ஒன்று. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். ஹார்ட் அட்டாக் என்றே தோன்றிவிடும். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுங்கள். லாக் போட்டது முதல் மேலே ஏறி முடியும்வரை இதையே செய்யுங்கள். இறக்கம் தொடங்கியதும் கத்திவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை; கத்தும்போது மூச்சைப் பிடித்துவைக்கவே முடியாது.

கொலம்பஸ் கீழே இறங்கும்போது வயிறு வாய்க்கே வந்துவிடுவது போல இருக்கிறது. இதனால் உள்ளே ஏதும் ஆகுமா? எந்த சீட்டில் உட்கார்ந்தால் குறையும்?
– இல்லத்தரசி

ஒன்றும் ஆகாது. சாதாரணமாக நாற்காலி உங்களை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டே இருக்கிறது. விழும்போது நாற்காலியும் உங்களோடு சேர்ந்து விழுவதால் அந்தத் தாங்கல் இல்லாமல் போகிறது. எடையால் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்த இரைப்பையும் குடலும் ஒரு கணம் தளர்ந்து எழும்புகின்றன. காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களும் 'எடை போச்சு' என்று மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 'ஜிவ்'.

கொலம்பஸில் நட்ட நடு வரிசைதான் மிதமானது. கப்பலின் இரு முனைகளும் ஒவ்வொரு வீச்சிலும் நடுவைவிட அதிக உயரம் போய்வருகின்றன. எடை இழப்பும் அங்கேதான் அதிகம். முதல் தடவை நடுவில், அடுத்த தடவை இரண்டு வரிசை தள்ளி என்று நகருங்கள்.

ரோலர் கோஸ்டரிலும் ரயிலின் நடுப்பகுதிதான் சாது. முன்பெட்டி மேட்டைத் தாண்டும்போது மற்ற பெட்டிகள் பின்னால் இழுப்பதால் ஒரு கணம் தொங்கி நிற்கும். கடைசிப் பெட்டியோ, முன்னால் போனவை இழுக்கும் இழுப்பில் மேட்டைத் தாண்டிச் சுண்டி எறியப்படும். அடிவயிறு அதிகம் எழும்புவது அங்கேதான். ஆனால் 'அடுத்து என்ன வருமோ' என்பதுதான் உங்கள் பயம் என்றால், நடுவைவிட முன்சீட்டே நல்லது. தண்டவாளம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும்.

உட்காரும் விதமும் முக்கியம். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டி உட்காருங்கள். லாக் தொடைமேல், இடுப்பு மடிப்பை ஒட்டி இறங்க வேண்டும். இடையில் பையோ தடித்த ஜாக்கெட்டோ இருக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு சீட்டை விட்டு எழும்பும், பயம் இரட்டிப்பாகும். மேட்டைத் தாண்டும் நொடியில் மூச்சை வெளியே விட்டு, வயிற்றைச் சற்று இறுக்கி, பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். தலை பின்சாய்வில் ஒட்டியிருக்கட்டும். உடம்பு முழுவதையும் கட்டையாக விறைத்துக்கொண்டால் மறுநாள் கழுத்து திரும்பாது.

தலைகீழாகப் போகும்போது நின்றுவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? என் கணவர் இதைக் கேட்டுக் கேட்டே யாரையும் ஏறவிடுவதில்லை.
– வாசகி

உங்கள் கணவர் கேட்பது நல்ல கேள்விதான். கோஸ்டர் ரயிலின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை. பக்கவாட்டில் ஒரு ஜோடி, அடியில் ஒரு ஜோடி என்று மூன்று பக்கமும் பிடித்திருக்கும். அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். தலைகீழாக நின்றாலும் ரயில் விழ வழியில்லை. சுழல்வட்டத்தில் சரியான வேகத்தில் போகும்போது உடம்பு சீட்டோடுதான் அழுத்தப்படுகிறது. 1895-இல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் முழு வட்டமாகவே ஒரு சுழலைக் கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் எடை திடீரென்று பல மடங்காகி, ஏறியவர்களின் கழுத்து வலித்தது. இன்று சுழல்கள் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பது அதனால்தான். 1976 முதல் இந்த வடிவம் நிலைத்துவிட்டது.

மேலே ஏறும்போது கேட்கும் 'டக்டக்டக்' சத்தம் பலரைக் கலங்கடிக்கிறது. உண்மையில் அது உங்களுக்குச் சாதகமான சத்தம். ரயிலின் அடியில் இருக்கும் கொக்கி, தண்டவாளத்திலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் ஓசை அது. சங்கிலியே அறுந்தாலும் ரயில் அந்தப் பல்லில் மாட்டி நிற்கும், பின்னால் உருளாது.

கரண்ட் போனால், பெரும்பாலான நவீன லாக்குகள் பூட்டியபடியே இருக்கும். திறக்கத்தான் மின்சாரமோ ஆள் கையோ வேண்டும். ஃப்ரீ ஃபால் டவர்கள் பலவற்றில் பிரேக் என்பது நிலைக்காந்தமும் உலோகத் தகடும்தான். தகடு காந்தத்தைக் கடக்கும்போது உண்டாகும் மின்சுழலே வேகத்தைக் குறைத்துவிடும், மின்சாரமே தேவையில்லை.

பாதியில் நிற்பதும் பெரும்பாலும் கோளாறு அல்ல. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று வைத்திருப்பார்கள். முன்னால் போனது நகராவிட்டால் பின்னால் வருவதைக் கணினியே நிறுத்திவிடும். நிற்பதும் ஏற்றத்திலோ பிரேக் பகுதியிலோதான். பக்கத்தில் படிக்கட்டு இருக்கும், ஊழியர்கள் வந்து ஒவ்வொருவராக இறக்குவார்கள். நீங்களாக லாக்கைத் திறக்க முயலாதீர்கள்.

இவ்வளவும் சரியாகப் பராமரிக்கப்படும் ரைடுகளுக்கு. பெல்ட் பக்கிளில் பிடிப்பு இல்லை, லாக் கம்பியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், ஊழியர் ஒவ்வொரு லாக்கையும் கையால் அழுத்திப் பார்க்காமல் சுவிட்சைப் போடுகிறார், இருவர் சீட்டில் மூவரை ஏற்றுகிறார்... இதில் ஒன்றைக் கண்டாலும் ஏறாதீர்கள். அங்கே உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

ஒன்பது வயது மகன் கோஸ்டர் என்றாலே அழுகிறான். 'ஒரு தடவை தூக்கிப் போட்டால் பயம் தெளிந்துவிடும்' என்கிறார் அவன் அப்பா.
– ஒரு தாய்

தெளியாது. அழ அழ ஏற்றினால் பயம் ரைடோடு நிற்காது. அடுத்த முறை 'சும்மா பார்க்கத்தான் போறோம்' என்று அப்பா சொன்னாலும் பிள்ளை நம்பமாட்டான். 'பயமாவே இருக்காது' என்று பொய்யும் சொல்லாதீர்கள். நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள்: 'முதல்ல மெதுவா மேல ஏறும், அப்புறம் மூணு எண்ணுறதுக்குள்ள கீழ வந்துடும், வயிறு கூசும், அப்புறம் ரெண்டு வளைவு, முடிஞ்சுது.' லாக் போடும்வரை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாக உள்ளே வருவான்.

உயர அளவுகோலில் குறுக்குவழி தேடாதீர்கள். தடித்த செருப்பைப் போட்டு இரண்டு செ.மீ. கூட்டிக் காட்டுவது ஆபத்து. அந்த அளவு லாக் உடம்பைப் பிடிப்பதற்காக வைத்தது. இன்னொன்று: இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருக்கும் ரைடில் பெரியவர் தொடையில் கம்பி தட்டி நின்றுவிடும், பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு மேல் இடைவெளி விழும். ஆளுக்கொரு லாக் உள்ள ரைடாகத் தேர்ந்தெடுங்கள்.

பயமில்லை, குமட்டல்தான். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் மோசமாகிறது. ஏன்?
– வாசகர்

காது 'சுற்றுகிறோம்' என்கிறது, மூடிய கண் ஒன்றும் சொல்வதில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டல். கோஸ்டரில் கண்ணைத் திறந்து, ரயில் போகும் திசையில் தூரத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். டீ கப் போன்ற சுழலும் ரைடில் இதற்கு நேர்மாறு: வெளியே பார்க்காமல், உங்களோடு சேர்ந்து சுற்றும் நடுச் சக்கரத்தையோ எதிரில் இருப்பவர் முகத்தையோ பாருங்கள்.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு எண்ணெய் அதிகமில்லாத சிற்றுணவு போதும். சுழலும் ரைடுகளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவே அரை மணி நேரம் விடுங்கள். வாயில் உமிழ்நீர் ஊறிக் குளிர்ந்த வியர்வை வந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் வகைக் குமட்டல் தடுப்பு மாத்திரைகளை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் பெரிதாக உதவாது. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். பேரனோடு கோஸ்டரில் போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

டாக்டர் சரி என்று சொல்லாமல் வேண்டாம், ஐயா. ஆரோக்கியமானவருக்கே இதயத்துடிப்பு 150-ஐத் தொடலாம். இதயக் கோளாறு, ரத்தநாள வீக்கம், கழுத்து அல்லது முதுகு அறுவை சிகிச்சை, விழித்திரை விலகல், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது.

எல்லாக் கோஸ்டரிலும் ஏறிவிட்டேன். ஃப்ரீ ஃபால் டவர் மட்டும் முடியவில்லை.
– ஐ.டி. ஊழியர்

கோஸ்டரில் முழுத் திறமைசாலிகளும் இதில் தடுமாறுவார்கள். காரணம், விழுவதைவிட உச்சியில் எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் தொங்கும் அந்தக் காத்திருப்பு. 30 மீட்டர் தடையின்றி விழ ஆகும் நேரம் இரண்டரை விநாடிதான். முடிவில் வேகம் மணிக்கு 87 கி.மீ. அளவுக்கு இருக்கும், உடனே பிரேக் பிடித்துவிடும். உச்சியில் எத்தனை விநாடி நிறுத்துகிறார்கள் என்று கீழிருந்து ஐந்தாறு முறை எண்ணிப் பாருங்கள். பல டவர்களில் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வரும். அதை மேலே போய் நீங்களும் எண்ணுங்கள், பார்வை கால்களுக்குக் கீழே போகாமல் தொடுவானத்தில் இருக்கட்டும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். லிஃப்ட், பால்கனி, மேம்பாலம் என்று அன்றாட இடங்களிலும் இதே நடுக்கம் வந்தால் மட்டும் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். உயரப் பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது.