மலைக்குச் செல்லச் செடானா, பழைய ஜிப்ஸியா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் உள்ளது. எழுபத்தைந்து வயதான தாயாருடன் மாதம் இருமுறை சென்று வருகிறோம். புதிய செடான் வாங்க எண்ணியிருந்த வேளையில், நண்பர் ஒருவர் தமது 1994-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸியைத் தருவதாகவும், மலைப்பாதைக்கு நான்கு சக்கர இயக்கம்தான் பாதுகாப்பு என்றும் சொல்கிறார். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் மண்பாதை. எதை வாங்கலாம்?

– வாசகர், சேலம்

பதில்: நண்பர் சொல்வது அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பொருந்தும், அதற்கு முன் வரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பொருந்தாது. ஜிப்ஸியில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம். அதைப் போட்டதும் முன், பின் அச்சுகள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. ஆனால் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிச் சரிசெய்துகொள்ளும் அந்த வேறுபாடு, காய்ந்த தாரில் வழியின்றி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பற்சக்கரங்களைத் தேய்க்கும். எனவே அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை அதை வெறும் பின்சக்கர இயக்க வண்டியாகத்தான் ஓட்ட வேண்டும். அதுவும் 970 சி.சி. எஞ்சினுடன், பவர் ஸ்டீயரிங் இல்லாமல்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்க, ஜிப்ஸியில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குத் தெரியாது. ஆகவே வண்டி இழுவை குறைந்து புகையும். புதிய செடானின் கணினி இதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஜிப்ஸியில் இல்லாத ஏர்பேக், ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஆகியவற்றைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துணிக்கூரை ஜிப்ஸியின் பின்புறம் எதிரெதிராகப் பக்கவாட்டில் அமரும் பெஞ்சு என்பதை மறக்க வேண்டாம்; தாயாரை அதில் உட்காரவைத்து இருபது வளைவுகள் ஏறுவது நியாயமன்று.

மண்பாதையில் நிலைமை தலைகீழ். செடானின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 165 மி.மீ. உயரம், ஐந்து பேர் ஏறினால் இன்னும் தாழும். ஐப்பசி மழையில் இரு சக்கரத் தடங்களும் பள்ளமாகி நடுத்திட்டு எழும்பியிருந்தால், எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் அதில் இடிக்கும். ஜிப்ஸிக்கு 210 மி.மீ. உண்டு, எடை குறைவு, நான்கு சக்கர இயக்கத்தில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் ஏறிவிடும்.

என் யோசனை: செடானை வாங்குங்கள், நடுத்திட்டைச் சீவி, தடங்களில் ஜல்லி கொட்டி இடித்து, மழைநீர் ஓரமாக ஓட வாய்க்கால் வெட்டுங்கள். ஜிப்ஸியின் மீது எனக்கும் ஆசை உண்டு. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

மனம் கேட்கவில்லையென்றால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில், 2009, 2014, 2019, 2024 என நான்கு முறை பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு மிதியடியை நீக்கித் தளத்தையும், பின்சக்கரத்துக்குப் பின்னால் பட்டா ஸ்பிரிங் மாட்டியுள்ள இடத்தில் சேசிஸையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. கடைசியாக, இளகிய மண்ணில் நேராக, லோ கியரில் ஏற்றத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானாக வெளியே துள்ளினால், வண்டியை நண்பரிடமே விட்டுவிடுங்கள்.