டெமோ ரீலில் எதை வைப்பது, எதை வெட்டுவது?

ஆடி பிறந்தால் நம்ம டெல்டாவில் முகூர்த்தம் கிடையாது, கேமரா பைக்கு ஓய்வு. புதிய புக்கிங் பிடிக்க நம்ம வேலையிலிருந்து பொறுக்கித் தொகுத்துக் காட்டும் சின்ன வீடியோதான் டெமோ ரீல்; அது பற்றிய கேள்விகள் குவிவதும் இப்போதுதான். வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

நாற்பது கல்யாணம் எடுத்திருக்கிறேன் அண்ணே. எல்லாவற்றிலிருந்தும் நல்ல ஷாட்டாகப் பொறுக்கி ஆறு நிமிட ரீல் போட்டேன். பார்க்கிறவர்கள் சூப்பர் என்கிறார்கள், புக்கிங்தான் வரவில்லை. (மன்னார்குடி)

தம்பி, உங்கள் ரீலை யார் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். பெண்ணின் அப்பா. மண்டபம், சமையல், பந்தல் என்று பத்து வேலை தலைமேல் இருக்க, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பார்க்கிறார். அவருக்கு ஆறு நிமிடம் கிடையாது, ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நாற்பது கல்யாணமும் வேண்டாம், மூன்று போதும். ஆனால் அந்த மூன்றிலும் ஒவ்வொரு தருணமாவது முழுசாக இருக்கட்டும்.

என் ரீலில் ஒரு ஷாட் இருக்கிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டுக் கையை எடுத்ததும், பின்னாலிருந்து நாத்தனார் கை வந்து மீதி இரண்டு முடிச்சைப் போடுகிறது. பெண்ணின் இமையில் ஒரு அட்சதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் அவள் கூட்டத்தில் அம்மாவைத் தேடுகிறாள். பதினோரு வினாடி. ஸ்லோமோஷன் இல்லை, நடுவில் வெட்டு இல்லை, மேளச் சத்தம் அப்படியே இருக்கிறது. போன் செய்கிறவர்கள் அதிகம் பேசுவது அந்த ஷாட்டைப் பற்றித்தான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மறுபடி எடுத்துக் கொடுக்க முடிகிற ஷாட்டை மட்டும் ரீலில் வையுங்கள். ஒரு தடவை வாடகை கிரேனில் எடுத்த ஷாட்டை ரீலின் முதலிலேயே வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் புக் செய்த ஒரு வீட்டில், கல்யாணத்தன்று அந்த வீட்டுப் பெரியவர் வந்து, "அந்த மேலே போகிற ஷாட் எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டார். அவர் பேக்கேஜில் கிரேனே இல்லை. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரியே அந்த ஷாட்டை வெட்டினேன்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய ரீலில் இரண்டு மண்டப ஷாட்டுகளில் விளக்கு வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது. நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 வினாடி, ஸ்லோமோஷனுக்கு 50 பிரேமில் எடுத்தால் 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில எல்இடி சீரியல் செட் அதற்கும் அடங்காது, டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பட்டை ஓடுகிற ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

ரீலுக்கு சினிமாப் பாட்டு போடலாமா? (பட்டுக்கோட்டை)

வேண்டாம். உரிமையுள்ள பாட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். வீடியோவை முடக்குவதும், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதும் பாட்டின் உரிமையாளர் கையில். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்யாணத்தில் பாட்டு ஒலிக்க விலக்கு தருகிறதே என்று கேட்பீர்கள். அது கல்யாண நிகழ்ச்சிக்கு, உங்கள் தொழில் விளம்பரத்துக்கு இல்லை. அந்தக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரத்தையே, வாசித்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், நாங்கள் நாலு பேர். வெளியூர் வாய்ப்பு வர ரீல் வேண்டும். போனிலேயே எடுக்கலாமா? (திருவாரூர்)

தாராளமாக எடுக்கலாம் ஐயா. படத்துக்குப் போன் போதும். ஆனால் சத்தத்தை போனை நம்பி விடாதீர்கள். தவிலில் ஓங்கி ஒரு அடி விழுந்ததும் போன் தானாகவே மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிட்டு மெல்லத் தூக்கும், நாதஸ்வரம் மூச்சுத் திணறுவதுபோல் கேட்கும். தனி ரெக்கார்டர் ஒன்று வாடகைக்கு எடுத்து, பத்தடி தள்ளி, தலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். லெவலை ஆலாபனைக்கு வைத்தால் கெட்டிமேளத்தில் வெடித்துவிடும். முதலில் கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டர் மீட்டரில் அது மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கைத்தட்டு தட்டினால் எடிட்டில் படத்தையும் சத்தத்தையும் சேர்ப்பது சுலபம்.

தகரக் கூரை மண்டபத்தில் எடுக்காதீர்கள், எதிரொலி கெடுத்துவிடும். திறந்தவெளியில் ஒலிக்கப் பிறந்த வாத்தியம் அது. காற்று கிளம்பும் முன் காலையில், ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்து வாசியுங்கள்.

கிட்டத்தில் எடுக்க உங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. நாதஸ்வரத்தில் ஊதும் சீவாளியை உதட்டில் நனைத்துப் பதம் பார்ப்பது, தவில்காரர் விரல் விரலாகக் கூடு (விரல் கவசம்) மாட்டுவது, இடது கையில் பூவரசங்கழி. நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் கடைந்ததென்றால் அதையும் மூன்று வினாடி காட்டி எழுத்தில் போடுங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம், சொல்லிக்கொள்வதில் தவறே இல்லை. கல்யாணத்துக்கு ஒன்று, கோயில் புறப்பாட்டுக்கு ஒன்று என இரண்டு ரீல் செய்யுங்கள். திருவிழாவுக்கு ஆள் தேடுகிறவர், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைக் கேட்க வருகிறார், மாலை மாற்றும்போது வாசிப்பதை அல்ல.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு மேலே ட்ரோன் ஷாட் ஒன்று எடுத்து ரீலில் சேர்க்க ஆசை. (தஞ்சாவூர்)

ஆசையை விட்டுவிடுங்கள். கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, ஊரிலேயே விமானப்படைத் தளமும் இருக்கிறது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் தொல்லியல் துறையிடம்தான், அங்கேயும் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. மற்ற இடங்களிலும் பறக்கவிடும் முன் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்த, 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழும் தேவை. நம்ம ஊர் தட்டையான பூமி, சம்பா பச்சை கண்ணுக்கெட்டிய தூரம் தெரிய ஒரு மாடி வீடு போதுமே.

ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தபோது எடுத்த ஷாட்டுகளை என் ரீலில் போடலாமா? (மயிலாடுதுறை)

முதலாளியிடம் கேளுங்கள், கல்யாண வீட்டாரிடமும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதிலாவது கையில் இருக்கட்டும். போடச் சொன்னால், நீங்கள் செய்தது கேமராவா எடிட்டா என்பதை ரீலிலேயே எழுதிவிடுங்கள்.

வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் புதிதாக எடுங்கள். ஆடிப்பெருக்கு வருகிறது. விடிந்ததும் காவேரிப் படித்துறைக்குப் போங்கள்; காதோலை கருகமணி, காப்பரிசி, புது மஞ்சள் கயிறு எல்லாம் அங்கே இருக்கும், இளவெயிலும் இருக்கும். ஒரு குடும்பத்திடம் அனுமதி கேட்டு, அவர்கள் கூடவே ஒரு மணி நேரம் இருந்து எடுங்கள். முடித்ததை அவர்களுக்கும் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப்பில் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.