தம்பிக்காக வைத்த நகையும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் நூலும்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். வயது 43. தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை, சம்பளம் 31,000. கணவருக்கு 46,000. மகள் பிளஸ் ஒன். ஊசியில் பின்னுவதும் தக்ளியில் நூற்பதும் எனக்கு உயிர். ஆனால் செலவு நோட்டைக் கூட்டிப் பார்த்தால் நான்கு வருஷத்தில் நூலுக்கு மட்டும் 1,10,000 ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பீரோவிலும் கட்டிலுக்கு அடியிலுமாக 11 கிலோ இருக்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? தம்பியோ, ‘நீ பின்னுவதை ஆன்லைனில் விற்கலாம் அக்கா, முதல் போட நகைமேல் இன்னும் 1,20,000 கிடைக்கும்’ என்கிறான். அவன் கடைக்காக 2021 ஜூனில் என் 10 சவரனை வைத்து 2,20,000 வாங்கினோம். வருஷா வருஷம் திருப்பி வைக்கிறோம். நடுவில் இரண்டு முறை அதே நகைமேல் தலா 30,000 கூடுதல் கடன், அதாவது டாப்-அப். போன ஜூன் ரசீதில் 4,26,000 என்று இருந்தது. இரண்டாவது டாப்-அப் கணவருக்குத் தெரியாது. ஆர்.டி.யில் மாதம் 4,000 போட்டு 1,10,000 சேர்ந்திருக்கிறது. டிஜிட்டல் கோல்டில் மாதம் 2,000 போடுகிறேன். அதைக் கூட்டட்டுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் நூல். எந்த மாதம் எத்தனை கிராம் வாங்கினீர்கள், எது லூதியானா அக்ரிலிக், எது வெளிநாட்டு மெரினோ கம்பளி, கதர்க் கடையில் வாங்கிய பஞ்சுப் பட்டை எவ்வளவு என்று ஒரு குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பது போல எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடனுக்கு ஆறு வரி. கணவருக்குத் தெரியாத டாப்-அப்புக்கு அரை வரி. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த அரை வரிதான் என்று நினைக்கிறேன். நூலை மன்னித்துவிட்டு அதைப் பேசுவோம்.

‘திருப்பி வைக்கிறோம்’ என்கிறீர்கள். அந்த நாளில் என்ன நடக்கிறது? பழைய கணக்கை முடித்து அதே நகைக்குப் புதுக் கணக்கு போடுகிறார்கள். வட்டியைக் கையிலிருந்து கட்டினால் அசல் அப்படியே நிற்கும். நீங்கள் கட்டவில்லை. வட்டியும் புது அசலில் ஏறிவிட்டது. 12 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன். 2,20,000 முதல் வருஷம் 2,46,000 ஆகிறது. 30,000 டாப்-அப் சேர்த்து 2,76,000. அடுத்த ஜூனில் 3,09,000, மறுபடி 30,000 சேர்ந்து 3,39,000. பிறகு 3,80,000. அதற்குப் பிறகு 4,26,000. உங்கள் ரசீதில் இருப்பதும் இதுதான். கைக்கு வந்தது 2,80,000. மீதி 1,46,000 முழுக்க வட்டி, அதிலும் வட்டிக்கு வட்டி.

இது உங்களுக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம் தங்கம் விலை. 2021-ல் சவரன் 36,000-ஐ ஒட்டி இருந்தது. இன்று அதன் இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு ஜூனிலும் மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, ‘இன்னும் வாங்கலாமே அம்மா’ என்று சொல்லியிருப்பார். கடன் வளர்வது தெரியாத அளவுக்கு நகையின் விலை வளர்ந்தது. விலை ஒரு வருஷம் இறங்கினாலோ நின்றாலோ இந்த வித்தை நடக்காது. அப்போதுதான் நகை மூழ்கிப்போகும்.

விலை இறங்காவிட்டாலும் வரும் ஜூனில் உங்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டது. கடன் கொடுப்பவர்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் அதற்கு மாற வேண்டும். அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிப்பதானால், சேர்ந்த வட்டியைக் கட்டியிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதாவது 2026 ஜூனில் 4,26,000-க்கான ஒரு வருஷ வட்டி 51,000-ஐ ரொக்கமாக எடுத்து வைக்காமல் உங்கள் நகையைத் திருப்பி வைக்க முடியாது. தம்பி சொல்லும் 1,20,000-ஐயும் ஏற்றிக்கொண்டால் அந்தத் தொகை இன்னும் கூடும்.

இப்போது நூல் கணக்கு. நான்கு வருஷத்தில் 1,10,000 என்றால் மாதம் 2,300. நகைக்கடன் வட்டி மாதம் 4,260. நூல் குறைந்தபட்சம் வீட்டில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம்.

ஆனாலும் உங்கள் நோட்டில் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய பில்கள் எல்லாம் ஜூலையில் வருகின்றன. 2023 ஜூலையில் மட்டும் மெரினோவுக்கு 9,800. அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டாவது டாப்-அப். அந்த 30,000-இல் தம்பிக்கு எவ்வளவு போனது என்று நீங்கள் எழுதவில்லை. நான் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. உழைக்காமல் கையில் வந்த பணம் யார் கையிலும் அப்படித்தான் கரையும். டாப்-அப்பை நிறுத்தினால் அந்த ஜூலை பில்லும் நின்றுவிடும்.

நூலை விற்காதீர்கள். பிரித்த நூலுக்குப் பாதி விலைகூடக் கிடைப்பது கஷ்டம். போன வருஷம் நீங்கள் பின்னித் தீர்த்தது 1.6 கிலோ. 11 கிலோவை இதே வேகத்தில் பின்னினால் ஏறக்குறைய 7 வருஷம் ஓடும். இரண்டு வருஷம் ஒரு கண்டுகூட வாங்காமல் இருந்தாலும் உங்கள் ஊசி ஒரு நாளும் சும்மா இருக்காது. கம்பளியை மட்டும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். கடல் காற்று அடிக்கும் ஊர், அந்துப்பூச்சி பஞ்சு நூலை விட்டுவிட்டு கம்பளியைத்தான் தேடிப் போகும். மெரினோவில் ஓட்டை விழுந்தால் 9,800 நிஜமாகவே வீணாகிவிடும்.

வியாபார யோசனைக்கு உங்கள் நோட்டே பதில் சொல்கிறது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு ஒரு சால்வை 3,000-க்குக் கொடுத்திருக்கிறீர்கள். நூலுக்குச் சுங்க வரியோடு 2,400. பின்னியது 35 மணி நேரம். மணிக்கு 17 ரூபாய்! வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசும் ஊரில், மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் ஊரில், கம்பளிச் சால்வை எத்தனை விற்கும்? பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் கேட்பார்கள், அதற்கு இருக்கும் நூலே தாராளம். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குச் செய்து கொடுங்கள். கடன் வாங்கி முதல் போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ‘பொழுதுபோக்கைத் தொழிலாக்குங்கள்’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கு நிம்மதி தரும் ஒரே வேலைக்கு மாதத் தவணை கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிஜிட்டல் கோல்டைக் கூட்டக் கூடாது, நிறுத்த வேண்டும். சொந்தத் தங்கம் 80 கிராம் 12 சதவீதத்தில் அடகில் இருக்கிறது. இன்னொரு பக்கம் 3 சதவீத ஜி.எஸ்.டி. கொடுத்து, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் சுமந்து, துளித் துளியாகத் தங்கம் வாங்குகிறீர்கள். டிஜிட்டல் கோல்டு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கண்காணிப்பில் இல்லை, ஏதாவது ஆனால் முதலீட்டாளர் பாதுகாப்பும் கிடையாது என்று செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. இதுவரை சேர்ந்ததை விற்று அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள்.

இனி அடைக்கும் வழி. ஜூனிலிருந்து ஆறு மாத வட்டி சேர்த்து இன்று ஏறக்குறைய 4,51,000 இருக்கும். ஆர்.டி.யை முறித்து 1,10,000 கட்டுங்கள். ஆறு ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு 12 கொடுப்பதில் அர்த்தமில்லை. கட்டியதும் இரண்டு சவரன் வளையலை மட்டும் விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள், பகுதி விடுவிப்பு பல இடங்களில் உண்டு. பழைய நகைக்குச் சவரன் 88,000 என்று உங்கள் தெருக் கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விற்றால் 1,76,000. அதையும் கட்டினால் மிச்சம் 1,65,000 அளவில் நிற்கும். ஆர்.டி. 4,000, டிஜிட்டல் கோல்டு 2,000, நூல் 2,300, ஆக மாதம் 8,300 கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடும். பொதுத்துறை வங்கிக்குக் கடனை மாற்ற முடிந்தால் வட்டி இன்னும் குறையலாம், விசாரியுங்கள். மகள் கல்லூரி முதல் வருஷத்தில் இருக்கும்போது எட்டு சவரன் வீட்டில் இருக்கும்.

வளையலை விற்பது மனதுக்குக் கஷ்டம் என்று தெரியும். பின்னி மில்லில் தறியில் நின்ற அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட நகை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அப்பா போட்ட நகைதானே அக்கா’ என்று தம்பி சொல்வதாகவும். அப்பா அதை உங்களுக்குப் போட்டார். தம்பிக்கு ஒரு நெருக்கடியில், 2021-ல் கடை மூடிக் கிடந்தபோது, கொடுத்தீர்கள். அது சரி. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் கடை திறந்து நான்கு வருஷம் ஆகிறது, எப்போதாவது 2,000 தருவதைத் தவிர அவர் எதுவும் கட்டவில்லை. ரசீதை அவர் முன்னால் வைத்து, ‘இதில் மாதம் 3,000 உன்னுடையது’ என்று சொல்லுங்கள். கொடுத்தால் கடன் சீக்கிரம் முடியும். கொடுக்காவிட்டாலும் மேலே போட்ட கணக்கு ஓடும், அவர் பணத்தை நான் அதில் சேர்க்கவில்லை. புதுசாக 1,20,000 என்ற பேச்சு வந்தால் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் அந்த இரண்டாவது டாப்-அப்பைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். வளையலை விற்கும் அன்று தானாகத் தெரியப்போகும் விஷயம், உங்கள் வாயால் தெரிவது மேல்.

அடகு ரசீதின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் மாதா மாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், கட்டத் தவறினால் மூன்று நான்கு மாதத்தில் அதைவிடக் கூடிய விகிதம் என்று இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால் நான் போட்ட 12 சதவீதம் குறைவு. ஆர்.டி.யை அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் இந்த வாரமே முறியுங்கள்.